பின்சக்கரத்துக்கும் ஒரு வேலை

முன்சக்கரம் மட்டும் இழுக்கிற சின்னக் காரை நான்கு சக்கரமும் இழுக்கிற காராக மாற்ற முடியுமா? முடியும். அரை நூற்றாண்டாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிக்கல் சக்கரங்களில் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கிறது.

ஜப்பானின் வடகிழக்குப் பகுதி தோஹோகு. குளிர்காலத்தில் அதன் மலைப்பக்கம் ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். அங்கே மின்கம்பி அறுந்தால் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் தோஹோகு மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள். 1970 வாக்கில் அதற்கு அவர்கள் ஜீப்பைத்தான் நம்பியிருந்தார்கள். ஜீப் பனியில் போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்து போகிறவர்தான் விறைத்துப்போவார். நிறுவனம் செண்டாய் நகரத்தில் இருந்த மியாகி சுபாரு என்ற டீலரிடம் போனது. காரைப் போலக் கதகதப்பாகவும் இருக்க வேண்டும், ஜீப்பைப் போலப் பனியிலும் போக வேண்டும், செய்து தர முடியுமா என்று கேட்டது.

டீலர் என்றால் வண்டி விற்பவர், சர்வீஸ் செய்து கொடுப்பவர். புது வகைக் கார் உருவாக்குவது அவர் வேலையே இல்லை. ஆனாலும் அந்தப் பட்டறைக்காரர்கள் கையை விரிக்கவில்லை. சுபாரு எஃப்.எஃப்.-1 1300ஜி என்ற முன்சக்கர இயக்க ஸ்டேஷன் வேகன் ஒன்றை எடுத்தார்கள். அதன் பின்பக்கத்துக்கு நிஸான் புளூபேர்டின் டிஃபரன்ஷியலை, அதாவது இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட்டே சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியை, கொண்டுவந்து மாட்டினார்கள். நிஸானும் சுபாருவின் தாய்க் கம்பெனியான ஃப்யூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸும் அந்தக் காலத்தில் கூட்டாளிகள். போட்டிக் கம்பெனியின் பாகத்தை ஒளித்து மறைத்துப் பூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வண்டி ஓடியது. தாய்க் கம்பெனி அந்த வேலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மெருகேற்றி, 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் காட்சிக்கு வைத்தது. 1972 செப்டம்பரில் லியோன் எஸ்டேட் வேன் ஃபோர் வீல் டிரைவ் விற்பனைக்கு வந்தது. இன்று சுபாரு என்றாலே நான்கு சக்கர இயக்கம் என்று உலகம் நினைக்கிறது. அதன் ஆரம்பம் ஒரு டீலர் பட்டறையில் நடந்த ஆல்ட்ரேஷன்.

பட்டறையில் அது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சுபாருவில் எஞ்சின் நெட்டுவாக்கில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ், அதன் வால் நேராக வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து நிற்கும். அந்த வாலில் ஒரு கூடுதல் கியரைப் போட்டு, நீள ஷாஃப்ட் ஒன்றைப் பூட்டினால் போதும், சக்தி நேர்கோட்டில் பின்சக்கரம் வரை போய்விடும். போகும் வழியில் எங்கும் திரும்ப வேண்டியதில்லை. அந்தப் பட்டறைக்காரர்களின் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வண்டி பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது.

குறுக்கே படுத்த எஞ்சின்

இன்றைய சின்னக் கார் எதன் பானெட்டைத் திறந்தாலும் எஞ்சின் குறுக்கே படுத்திருக்கும். ஸ்விஃப்ட், ஐ20, போலோ, ஜாஸ் எல்லாம் இந்த வகை. எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக முன் அச்சின் மேலேயே கிடக்கும். சக்தி பக்கவாட்டில் பிறந்து, பக்கவாட்டில் ஓடி, பக்கவாட்டிலேயே சக்கரத்தில் முடிந்துவிடும். உள்ளே இடம் மிச்சம், செலவு மிச்சம். பின்சக்கரத்துக்கு இதில் பங்கே கிடையாது.

அதற்கும் பங்கு கொடுக்க வேண்டுமென்றால் சக்தியை 90 டிகிரி திருப்ப வேண்டும். முன் டிஃபரன்ஷியலின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கிரவுனும் பினியனும். மெக்கானிக்குகள் இதை டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். இடமில்லாத இடத்தில் இதைச் செருக வேண்டும். ஒரு பக்கம் ஸ்டீரிங் ராக், இன்னொரு பக்கம் சைலன்சர் குழாய். 1983-இல் ஃபியட் நிறுவனம் பாண்டா என்ற தன் குட்டிக் காரில் இதைச் செய்து காட்டியது. வெறும் 965 சி.சி., 48 குதிரைத்திறன். குறுக்கு எஞ்சினோடு ஃபோர் வீல் டிரைவும் கொண்டு பெருமளவில் தயாரான முதல் குட்டிக் கார் அதுதான். மலைநாட்டு வாகனங்களில் கைதேர்ந்த ஆஸ்திரியாவின் ஸ்டெயர்-புக் நிறுவனம் டிரைவ் பாகங்களைச் செய்து கொடுத்தது. இத்தாலிய மலைக்கிராமங்களில் அந்தப் பாண்டாக்கள் இன்னமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன.

தனி ஆள் ஒருவர் தன் காரை இப்படி மாற்ற இறங்கினால், டிரான்ஸ்ஃபர் கேஸையாவது எங்கேயாவது தேடிப் பிடித்துவிடலாம். உண்மையான தலைவலி அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் போய் நின்று பாருங்கள். நடுவில் சைலன்சர் குழாய் போகும் பள்ளம் ஒன்று இருக்கும், அதில் ஷாஃப்டும் சேர்ந்து போக இடம் இருக்காது. பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், சரியாக ஷாஃப்ட் போக வேண்டிய பாதையை மறித்துக்கொண்டு. அதற்கும் பின்னால், டிஃபரன்ஷியல் உட்கார வேண்டிய இடத்தை ஒட்டி, டிக்கியின் ஸ்டெப்னி பள்ளம் தொங்கும். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு வளைந்த இரும்பு உத்திரம் போகும், அதுவே சஸ்பென்ஷன். சக்கரத்தைக் கழற்றி ஹப்பைப் பார்த்தால் நடுவில் துளையே கிடையாது. ஒரு குட்டை அச்சில் பேரிங்கோடு சும்மா சுற்றும் சக்கரம் அது. அதைச் சுழற்ற ஒரு ஷாஃப்ட் வந்து நுழையும் என்று வடிவமைத்தவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

ஆக டேங்க், சஸ்பென்ஷன், ஹப், சைலன்சர், தரைத்தகடு எல்லாமே மாற வேண்டும். வோக்ஸ்வாகனின் நான்காம் தலைமுறை கால்ஃப் இதற்கு நல்ல சாட்சி. சாதாரண கால்ஃபுக்குப் பின்னால் உத்திரச் சஸ்பென்ஷன். அதே கால்ஃபின் 4மோஷன் வகையில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனிச் சஸ்பென்ஷன், ஷாஃப்டுக்கு இருபுறமும் கால் போட்டு உட்காரும் சேண வடிவ டேங்க், அடித்தரையே வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார். ஐரோப்பாவில் பழைய கால்ஃப்களை மாற்றுகிறவர்கள் பாகங்களை மட்டும் வாங்கித் திருப்தி அடைவதில்லை. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய 4மோஷன் வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின் தரையையே வெட்டி எடுத்து, தங்கள் வண்டியில் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். வெல்டிங் கோணம் அரை விரல் பிசகினாலும் வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுக்கும்.

உடன்பிறப்பு இருந்தால் பிழைத்தீர்கள்

இந்த மாற்று வேலையில் அதிகம் அடிபடும் பெயர்களில் ஒன்று ஹோண்டா சிவிக். அமெரிக்காவில், அதிலும் கால் மைல் டிராக் பந்தயக்காரர்களிடம். அங்கே யாருக்கும் பனியைப் பற்றிக் கவலை இல்லை. டர்போ போட்டுச் சிவிக்கின் சக்தியை நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று ஏற்றிவிடுகிறார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியின் எடை பின்னால் சரிகிறது, முன்பக்கம் தூக்குகிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரங்களில் எடை குறைய, டயர் புகையைக் கக்கிக்கொண்டு அதே இடத்தில் சுற்றும். எடை போய்ச் சேர்ந்த பின்சக்கரங்களோ வேடிக்கை பார்க்கும். முன்சக்கர இயக்கத்தில் எவ்வளவு சக்தி ஏற்றினாலும் கிளம்பும் அந்த முதல் நொடியில் தோற்றுவிடுவது இதனால்தான்.

அவர்களைக் காப்பாற்றியது சிவிக்கின் உறவினர்கள். 1980களின் நடுவிலேயே ஹோண்டா சிவிக் வேகனுக்கு ஃபோர் வீல் டிரைவ் கொடுத்திருந்தது. 1995-இல் சிவிக்கின் அடித்தளத்தை வைத்தே சி.ஆர்.-வி. வந்தது. டிக்கித் தரைப் பலகையை எடுத்துக் கால்களை விரித்தால் பிக்னிக் மேசையாகிவிடும் குடும்ப வண்டி அது. சாதுவான அந்த வண்டியின் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஷாஃப்ட், பின் டிஃபரன்ஷியல் எல்லாம்தான் இன்று பல பந்தயச் சிவிக்குகளின் வயிற்றில் இருக்கின்றன. எஞ்சின் பிடிமானங்கள் ஒத்துப்போகும், கியர் பாக்ஸ் அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. பின்பக்கத்தில் மட்டும் வெட்டலும் ஒட்டலும்.

எந்தக் காரை மாற்றலாம் என்று கேட்டால் என் பதில் இதுதான்: காரைப் பார்க்காதே, அதன் வம்சத்தைப் பார். அதே அடித்தளத்தில் கம்பெனியே ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை உலகின் எந்த மூலையிலாவது விற்றிருந்தால் உன் வேலை காயலான் கடையில் தொடங்கும். விற்கவில்லை என்றால் அது லேத்தில் தொடங்கும், எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது.

உடன்பிறப்புப் பாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவுக்கு முதலில் வந்த சி.ஆர்.-வி.யின் எஞ்சின் 126 குதிரைத்திறன். பின் டிஃபரன்ஷியலும் அந்த அளவுக்குத் தகுந்த பல்லோடுதான் செய்யப்பட்டது, அதுவும் எப்போதாவது வழுக்கும்போது கொஞ்சம் உதவுவதற்காக. அதன் வழியாக 600 குதிரைத்திறனை அனுப்பினால் பல் உதிரும். உதிர்ந்ததை மாற்றி, மறுபடி உதிர்ந்து, கடைசியில் வெளிச்சந்தைப் பாகத்துக்குப் பணம் கொட்டுவதுதான் அந்த உலகத்தின் வாடிக்கை.

நான்கு மீட்டர் வித்தியாசம்

மேலே சொன்னதெல்லாம் இரும்பு வேலை. பணமும் பொறுமையும் இருந்தால் தீரும். அறிவு தேவைப்படும் இடம் வேறு.

சின்னக் கார் ஒன்றை ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் சுற்ற வையுங்கள். முன் அச்சின் நடுப்புள்ளி 4.5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது, இரு அச்சுக்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சு உள்ளே தள்ளிச் சுமார் 3.8 மீட்டர் ஆரத்தில்தான் சுற்றும். ஒரு முழு வட்டத்தில் முன்பக்கம் 28 மீட்டர் ஓடியிருக்கும், பின்பக்கம் 24 மீட்டர். வளைவில் வெளிப்பக்க மாடு எட்டி நடை போட, உள்பக்க மாடு கால் மாற்றிக் கொடுப்பதைப் போல, முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே ஷாஃப்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த 4 மீட்டர் எங்கே போகும்? ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், டயர் தேய்ந்து விட்டுக்கொடுக்கும், அதுவும் முடியாதபோது வண்டி குதிக்கும்.

எஸ்டேட்களில் ஜீப் ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. சேற்றில் ஃபோர் வீல் லீவரைப் போட்டவர்கள் தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுவார்கள். சேற்றில் சக்கரம் வழுக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும், தாரில் வழுக்க இடமில்லை. முதல் லியோனிலும் பாண்டாவிலும் இதே லீவர் ஏற்பாடுதான்.

ஆடி நிறுவனம் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சுவையான கதை. 1976-77 குளிர்காலத்தில் ஃபின்லாந்துப் பனியில் சோதனை ஓட்டம். வெறும் 75 குதிரைத்திறன் கொண்ட வோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற ராணுவ வண்டி, அதைவிட அதிகச் சக்தி வாய்ந்த முன்சக்கர இயக்கச் சோதனைக் கார்களைத் தூக்கிச் சாப்பிட்டது. இதைப் பார்த்த சேசிஸ் பொறியாளர் யோர்க் பென்சிங்கர், தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பீஹிடம் போய் யோசனை சொன்னார். ஆடி 80 என்ற முன்சக்கர இயக்கக் காரில் இல்டிஸின் டிரைவ் பாகங்களைப் பொருத்திச் சோதனை வண்டி ஒன்று தயாரானது. முன்னும் பின்னும் இறுக்கமாகப் பிணைத்த வண்டி. 1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுராஹர் ஹோஹ என்ற 23 சதவீத ஏற்றச் சாலையில், பனிமேல், சங்கிலி எதுவும் கட்டாமல் சாதாரணக் கோடைக்கால டயரோடு ஏறிப் பெரிய அதிகாரிகளை அசத்தியது.

பிறகு வோக்ஸ்வாகனின் ஆராய்ச்சித் தலைவர் ஏர்ன்ஸ்ட் ஃபியாலா அந்த வண்டியை வியன்னாவுக்கு எடுத்துப்போனார். அவர் மனைவி அதில் நகரத்துக்குள் போய்வந்து, பார்க்கிங் செய்யும்போது வண்டி குதிக்கிறது என்று குறை சொன்னார். மலையேற்றத்தில் பொறியாளர்கள் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. கடைத்தெருவில் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டியவருக்குத்தான் பட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் தேவை என்பது முடிவானது. அதற்கு இடம்? கியர் பாக்ஸுக்குள்ளேயே 26 சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு ஷாஃப்டைக் குழாய்போல உள்ளீடற்றதாகச் செய்தார்கள். சக்தி அந்தக் குழாய் வழியாகப் பின்னே போய் நடு டிஃபரன்ஷியலைச் சேரும். அங்கே பிரிந்து, ஒரு பாதி பின்சக்கரங்களுக்குப் போகும். மறுபாதி குழாய்க்குள் ஓடும் இன்னொரு ஷாஃப்ட் வழியாக முன்சக்கரங்களுக்குத் திரும்பி வரும். கூடுதல் பெட்டி கிடையாது, கூடுதல் இடம் கிடையாது. கார்ப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால் இந்தக் குழாயைத்தான் சொல்வேன். 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியின்போது ஆடி குவாட்ரோ அறிமுகமானது. ராலிப் பந்தய வரலாறு அதோடு இரண்டாகப் பிரிந்தது.

குறுக்கு எஞ்சின் கார்களில் இந்த வித்தைக்கு இடமில்லை. அவை வேறு வழி பிடித்தன. பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் ஒரு கிளட்சை வைத்து, சாதாரண நேரத்தில் அதைத் தளர்வாக விட்டுவிடுவது ஒரு வழி. முதல் சி.ஆர்.-வி.யில் இரண்டு எண்ணெய்ப் பம்புகள். ஒன்றை முன்சக்கரம் சுற்றும், மற்றதைப் பின்சக்கரம் சுற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் இருந்தால் ஒன்று தள்ளும் எண்ணெயை மற்றது உறிஞ்சிக்கொள்ளும். முன்சக்கரம் வழுக்கி வேகம் கூடினால் எண்ணெய் மிஞ்சி, அழுத்தம் ஏறி, கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கும். கம்ப்யூட்டரும் கிடையாது, ஒயரும் கிடையாது. இதே வேலையை இரண்டாம் தலைமுறை கால்ஃபின் சிங்க்ரோ வகை, சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கிய தகடுகளை வைத்துச் செய்தது. பின்னால் வந்த 4மோஷனில் ஹால்டெக்ஸ் கிளட்சை எலெக்ட்ரானிக்ஸ் கட்டுப்படுத்துகிறது.

மாற்று வேலையில் பலர் சறுக்குவது இந்தக் கிளட்சில்தான். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்டைச் சக்கரத்தைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்ற விட்டால், பின் டிஃபரன்ஷியல் அதே இரண்டரை மடங்கைக் குறைத்துத் திருப்பித் தர வேண்டும். இரண்டும் வேறு வேறு வண்டியிலிருந்து வந்து, பல் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், நேர்ச்சாலையிலும் முன்னும் பின்னும் ஓயாமல் இழுபறி. ஒரு சதவீத வித்தியாசம் என்பது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 மீட்டர் உரசல். கிளட்ச் வெந்து கருகிவிடும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் போட்டாலும் இதே கதிதான். நல்ல மெக்கானிக் டிஃபரன்ஷியலை வாங்கும் முன் கடையிலேயே சாக்பீஸால் ஃபிளாஞ்சில் ஒரு கோடு போடுவார். இரண்டு பக்கத்து ஆக்சிலையும் சேர்த்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார். லேபிளை நம்ப மாட்டார்.

இந்தக் கணக்கைத் தெரிந்தே பிசகவிட்ட கம்பெனியும் உண்டு. டொயோட்டா 2020-இல் ஜி.ஆர். யாரிஸ் என்ற காரைக் கொண்டுவந்தது. மூன்று சிலிண்டர், 1.6 லிட்டர் டர்போ, ஜப்பானில் 272 குதிரைத்திறன். முன்னுக்கும் பின்னுக்கும் கியர் விகிதத்தில் மிகச் சிறிய வித்தியாசத்தை வேண்டுமென்றே வைத்து, கிளட்சை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை வைத்தே பின்சக்கரங்களுக்கு அதிகச் சக்தியை அனுப்புகிறது. முன் 30, பின் 70 என்றுகூட ஓட்டுநர் வைத்துக்கொள்ளலாம். சாதாரண யாரிஸின் பின் தரையில் இதெல்லாம் அடங்காது. அதனால் பின்பாதிக்கு வேறொரு பெரிய காரின் அடித்தளத்தைக் கொண்டுவந்து முன்பாதியோடு இணைத்தது. கால்ஃப் பிரியர்கள் வெல்டிங் டார்ச்சோடு செய்வதைத்தான் டொயோட்டா மோட்டோமாச்சி ஆலையில் செய்தது.

நம் ஊரில்?

ஜப்பானில் ஸ்விஃப்டை ஃபோர் வீல் டிரைவோடு வாங்கலாம். நம் ஊர் ஸ்விஃப்டுக்கு முன்சக்கரம் மட்டும்தான். அப்படியானால் பாகங்களை இறக்குமதி செய்து பொருத்தலாமே என்று தோன்றும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சி.என்.ஜி. போன்றவற்றுக்கு அனுமதி பெறும் வழி உண்டு, தரையை வெட்டி டிஃபரன்ஷியல் வைப்பதற்குக் கிடையாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

சட்டம் விட்டால்கூட ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைக்கு இது தேவையா என்பது எனக்குச் சந்தேகம். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், ஏற்றும். பிரேக் போடும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எல்லாக் காரிலும் ஏற்கெனவே இருக்கிறது. மழையில் கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறவருக்கு வேண்டியது நல்ல டயர். கூடுதல் எடை, கூடுதல் உராய்வு, கூடும் பெட்ரோல் செலவு ஆகியவை மாற்றியவருக்கு வருஷம் முழுக்க வந்து சேரும் பில்.

இதற்கிடையில் ஷாஃப்டே இல்லாமல் இந்த வேலையை முடித்துவிட்டார்கள். 2002-இல் நிஸான் மார்ச் என்ற குட்டிக் காரில், முன்பக்க எஞ்சின் தனியாக ஒரு ஜெனரேட்டரைச் சுற்றியது. அதிலிருந்து ஒயர் வழியாகப் பின்னே போன மின்சாரம், பின் அச்சில் இருந்த சின்ன மோட்டாரை ஓட்டியது. பனியில் கிளம்பும்போதும் குறைந்த வேகத்திலும் மட்டும் உதவி, மற்ற நேரத்தில் சும்மா இருக்கும். தரை நடுவில் ஷாஃப்ட் இல்லை, 90 டிகிரி திருப்பும் பெட்டி இல்லை, முன்னையும் பின்னையும் பிணைக்கும் இரும்பே இல்லாததால் நான்கு மீட்டர் சண்டையும் இல்லை. இன்றைய ஹைபிரிட் கார்களில் பலவும் பின்சக்கரத்தை இப்படித்தான் ஓட்டுகின்றன. அந்த மார்ச்சின் அடுத்த தலைமுறைதான் 2010 முதல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகி, மைக்ரா என்ற பெயரில் நம் தெருக்களில் ஓடியது. இங்கே அதற்கும் முன்சக்கர இயக்கம் மட்டும்தான்.